புளியங்கொட்டையால் தப்பிய சங்கக்கடை

அழகரத்தினம் ஐயாவைப் பற்றி நான் எழுதுவதாகக் கேள்விப்பட்டால் அவர் செங்கலடியிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பார். பிடிக்கட்டும். நானும் சண்டைக்குச் சளைத்தவன் அல்ல. அவருக்கு நன்றி சொல்லாமல் கண்ணை மூடினால் எனக்கு நல்ல கதி கிடைக்காது, ஆகவே எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு நான் பழுகாமத்துக்கு அப்பால் ஒரு ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். எங்கள் சங்கத்தின் களஞ்சியம் பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில் இருந்தது. கடைகள் ஐந்தும் வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில். கோதுமை மாவோ சீனியோ எதுவானாலும் அனுமதி வாங்கி, இராணுவம் சோதனை செய்யும் பாலத்துச் சென்றியில் காத்துக் கிடந்துதான் வரவேண்டும். இன்று கேட்ட மா மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், வரலாம், வராமலும் போகலாம். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்பதை எங்களுடையது என்று எண்ணவே மாட்டோம். மூடை கடை வாசலில் இறங்கினால்தான் அது மா. அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

அந்த மாரியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன. கிழமைக்கு எட்டு மூடை மா போன இடத்தில் பன்னிரண்டு தேவைப்பட்டது. பன்னிரண்டு கேட்டேன், வரவில்லை. அடுத்த கிழமை பதினெட்டு கேட்டேன். அதற்கடுத்த கிழமை கோபத்தில் இருபத்தைந்து. வெறுங்கடையைத் திறந்து வைத்துச் சனத்திடம் ஏச்சு வாங்கினேன். பிறகு ஒருநாள் கேட்டதெல்லாம் ஒன்றாகப் பாலம் தாண்டி வந்தது. நாற்பத்து மூன்று மூடை மிஞ்சி வண்டு பிடித்தது. அதே நாட்களில் அடுத்த ஊர்ச் சனம் மாவில்லாமல் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கோணாமலை மாவைப் பதுக்கிவிட்டான் என்று என்னைச் சொன்னார்கள். சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி ஓய்வுபெற்ற அதிபர். பிரம்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் குரலில் கொண்டு வருபவர். அடுத்த பொதுக்கூட்டத்தோடு கடை மூடப்படும், நானும் விலக்கப்படுவேன் என்று அவர் கையெழுத்தில் கடிதம் வந்தது. என் வேலை போனால் ஒரு குடும்பத்துக்குத்தான் கஷ்டம். கடை போனால் ஊர் முழுவதும் ஒரு கிலோ மாவுக்கும் பாலம் தாண்டிச் சென்றியில் நிற்கவேண்டும். பாலம் தாண்டிப் போன இளந்தாரிகள் சிலர் திரும்பி வராத காலம் அது.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, என் கடையின் கதையைக் கேள்விப்பட்டு அழகரத்தினம் ஐயா சைக்கிளில் வந்தார். முன்பு கூட்டுறவுப் பரிசோதகராக இருந்து, வேலையை விட்டுப் படித்துவிட்டு, நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவராக மாறியிருந்தார். படித்தது ‘தொகுதி இயக்கவியல்’ என்றார். எந்தக் கோயில் பிரசாதம் அது என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. வயல் வட்டையில் மேல்மடையைத் திறந்தால் கீழ்வயலுக்குத் தண்ணீர் வர இரண்டு நாள் ஆகும், பொறுக்காதவன் இன்னும் அகலமாகத் திறப்பான், மூன்றாம் நாள் வயல் மூழ்கும், அந்தத் தாமதத்தைக் கணக்குப் போடும் படிப்பு என்றார்.

அவர் தலைவருக்காக உளவு பார்க்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூடை எங்கே போனது என்று அவர் ஒருதரமும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் எவ்வளவு கேட்டேன், எழுதும்போது மனதில் என்ன இருந்தது, இவ்வளவுதான் கேட்டார். மனதில் என்ன இருந்தது என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அது என்னைத் தொட்டதை மறைக்க அவரை ஏசினேன்.

கூட்ட நாளில் அவர் மூன்று மணித்தியாலம் பிந்தினார். எங்கள் கதையைக் கணினியில் போட்டு, அம்புக்குறிகளோடு வட்டம் வட்டமாக வரைந்து கொண்டுவந்திருக்கிறார். சென்றியில் அதைத் தாக்குதல் வரைபடம் என்று பறித்துவிட்டார்கள். பாலம் எங்கே இருக்கிறது என்று வேறு அதில் எழுதி வைத்திருந்தாராம். ஆளை விட்டதே பெரிய புண்ணியம். கையில் ஒன்றுமில்லாமல் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் வந்தவர், யார் வீட்டிலாவது புளியங்கொட்டை கிடைக்குமா என்று கேட்டார்.

ஒரு பெட்டி நிறையக் கொட்டை வந்தது. ஒரு கொட்டை ஒரு மூடை. மேசையில் கரும்பலகைச் சோக்கால் கோடு போட்டு அதைப் பாலம் என்றார். கேட்ட கொட்டை கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று கிழமை நிற்கும், பிறகுதான் இந்தப் பக்கம் வரும். முகாமையாளர் கதிரையில் தலைவரை இருத்தினார். என்னைக் களஞ்சியக்காரனாக்கினார். கிழமைக்கு எட்டுக் கொட்டை சனத்துக்குப் போனது. ஐந்தாம் கிழமை, “அகதிச் சனம் வந்திருக்கு, இனிப் பன்னிரண்டு” என்றார்.

தலைவர் முதலில் நிதானமாகத்தான் கேட்டார். முன்னால் கிடந்த கொட்டை குறையக் குறைய அவர் குரல் ஏறியது. எட்டாம் கிழமை மேசையில் ஒன்றும் இல்லை. முப்பது தா என்று என்மேல் பாய்ந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் கேட்டதெல்லாம் குவிந்து கிடந்தது. எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. பத்தாம் கிழமை முதல் அவை கோடு தாண்டி வந்தன. வந்தன, வந்தன, மேசையால் உருண்டு நிலத்திலும் விழுந்தன. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் மிஞ்சியதைத் தானே எண்ணினார்.

“கோணாமலை, உன்ட கடையில எத்தினை மூடை மிஞ்சின?”

“நாப்பத்தி மூண்டு, சேர்.”

“எனக்கு ஐம்பத்தொண்டு மிஞ்சிக் கிடக்கு” என்றார். பிறகு சபையைப் பார்த்து, “நான் இதில ஒண்டும் களவெடுக்கல்ல” என்றார்.

என் கடை அந்த வார்த்தையில் தப்பியது. மாவுக்கு எழுதும் படிவத்தில் ‘வழியில் நிற்பது’ என்று ஒரு வரி புதிதாக வந்தது. கேட்குமுன் அதைக் கழிக்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஐந்து முகாமையாளர்களும் ஒன்றாக இருந்து எழுதினோம். சித்திரையில் பாலம் பதினாறு நாள் பூட்டிக் கிடந்தபோது இரட்டிப்பாக எழுதச் சொல்லிக் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு எழுதினேன். பாலம் திறந்தபோது ஐந்து ஊருக்கும் அளவாக மா வந்தது. அன்று நான் அழுததை என் மனைவி சின்னத்தங்கம் இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

கூட்டம் முடிந்த மாலையில் ஐயாவை வழியனுப்பப் போனேன். நன்றி சொல்லத் தெரியாமல், எதற்காக இந்தப் பாடு பட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

“உங்களுக்கு வந்த கடிதம் மாதிரி ஒண்டை முந்தி நானும் எழுதினனான். கந்தப்போடி எண்டு ஒரு மனேச்சர். அவர்ட கடையிலயும் மா பழுதாய்க் கிடந்தது. பதுக்கினவர் எண்டு எழுதினன், வேலையால நிப்பாட்டினாங்க. படிக்கப் போன இடத்தில ஒருநாள் கணினியில கடை இருப்பைக் காட்டுற கோடு இதே மாதிரி இறங்கி ஏறிச்சி. பார்த்த உடன அவர்ட முகந்தான் தெரிஞ்சது. மன்னிப்புக் கேக்கப் போனன். அவர் கண்ணை மூடி மோசம் போய் ஒரு வருசம் எண்டு பெண்சாதி சொன்னா.”

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். கந்தப்போடி வேலையை இழந்திராவிட்டால் இவர் என்னைத் தேடி வந்திருக்க மாட்டார், என் கடையும் இருந்திராது. முகம் தெரியாத ஒருவர் தந்த சோற்றை நானும் ஊரும் தின்றுகொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாடி என் தகப்பனாருக்குப் பிதிர்க்கடன் செய்கிறேன். அவர் பெயரோடு கந்தப்போடி பெயரையும் கொடுப்பேன். முதல் வருடம் ஐயர் உறவுமுறை கேட்டபோது தூரத்துச் சொந்தம் என்று சமாளித்தேன். இப்போது தகப்பன் முறை என்றே சொல்கிறேன்.