விஜயதசமிக்கு வந்த பென்குவின்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எந்தச் சாமானையும் தொடக் கூடாது. அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் வேலை, குடியிருந்தது குவார்ட்டர்ஸில். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்த கை வீட்டில் சும்மா இருக்குமா? சுத்தியல், டெஸ்டர், சைக்கிள், மிக்சி என்று ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டு வந்து கடைசியில் கம்ப்யூட்டரில் முடிப்பார். மானிட்டர் நெற்றியில் விபூதிப் பட்டை, பெட்டிக்குச் சந்தனம், மவுஸுக்குக்கூட ஒரு குங்குமப் பொட்டு. மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி எடுக்கிறவரை அதெல்லாம் சாமி.

அந்தச் சாமியின் வயிற்றைத்தான் நான் அறுத்தேன். அப்போது ஏழாம் வகுப்பு.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக ஒரு சிடி வந்திருந்தது. லினக்ஸாம், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருளாம். காசு கிடையாதாம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம், பிரித்துக்கூடப் பார்க்கலாமாம். இவ்வளவும் அட்டையில் போட்டிருந்தால் ஏழாம் வகுப்புக்காரன் எப்படிச் சும்மா இருப்பான்? சாப்பிட்டுவிட்டு அப்பா தூங்கினார். அம்மா எதிர்வீட்டு அத்தையின் கொலுவுக்குப் போயிருந்தாள். சிடியை உள்ளே தள்ளினேன்.

எந்த மொழி வேண்டும் என்று முதலில் கேட்டது. பட்டியலில் 'தமிழ்' என்று இருந்ததைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி பாய்ந்து அதைத் தேர்ந்தெடுத்தேன். வினை அங்கேதான். அதன் பிறகு அது கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் செந்தமிழில் வந்தது. வன்தட்டு, பகிர்வு, அழித்தல் என்று என்னென்னவோ. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் புரியாமல் பயந்து நிறுத்தியிருப்பேன். தமிழாயிற்றே, புரியவில்லை என்று யாரிடம் சொல்ல? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றேன்.

முடிந்து திறந்தபோது என் கார் ரேஸ் இல்லை. பழைய படம், பாட்டு, எதுவும் இல்லை. தேடினேன், மறுபடி தேடினேன், மவுஸைக் குலுக்கிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன்: சிடி பொத்தான்மேல் இருந்த சந்தனம் என் கட்டை விரலில் ஒட்டியிருந்தது. கொலை நடந்த இடத்தில் கைரேகையை விட்டவன்போல வியர்த்து, பூஜைத் தட்டிலிருந்து சந்தனம் எடுத்து அப்பினேன். பதற்றத்தில் அப்பியது தோசை அளவுக்கு வந்துவிட்டது. போதாததற்கு அணைத்து வைத்த மானிட்டர் முன் விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் காலை கற்பூரத் தட்டோடு அம்மா, முன்னால் அப்பா.

"ஏல, ஆன் பண்ணு. முதல்ல நீதான் தொடணும்."

"வயித்த வலிக்குப்பா."

"விஜயதசமி அன்னைக்கு என்ன வயித்து வலி? அமுக்குல."

கரண்ட் போகட்டும் என்று ஆவடியிலுள்ள அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டு அமுக்கினேன். வழக்கமாகத் தினமும் போகிற கரண்ட் அன்று பார்த்துப் போகவில்லை. திரையில் லினக்ஸின் சின்னமான ஒரு பென்குவின் வந்து உட்கார்ந்தது.

"என்னல இது, வாத்து?"

"புது வெர்ஷன்ப்பா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்குப் பதிலாக அம்மாவின் குரல் கேட்டது. கற்பூரம் அணைந்ததுகூடத் தெரியாமல் திரையை வாசித்துக்கொண்டிருந்தாள். "இல்லம்... ஆவணங்கள்... ஏங்க, குப்பைத்தொட்டின்னு போட்டிருக்குங்க!" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பெருமை என்று புரிய எனக்கு நேரமாயிற்று. அன்று பொரிகடலை விநியோகம் முடிவதற்குள், எங்கள் பிளாக் முழுக்க நான் கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவன். மறுக்கவில்லை. மறுத்தால் கார் ரேஸ் விஷயம் வெளியே வந்துவிடுமே.

மறுநாள் அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "இதுல தமிழ்ல அடிக்க முடியுமால?"

"அடிக்கலாம். ஆனா எந்த எழுத்து எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கீபோர்டுல இங்கிலீஷ்தான போட்டிருக்கு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கீபோர்டைப் பார்க்கவே இல்லை. எதிரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி படபடவென்று அடித்தாள். திரையில் முதலில் விரல் பழக்கத்துக்கான அர்த்தமில்லாத எழுத்து வரிசை ஒன்று ஓடியது. அடுத்து என் பெயர் வந்தது, ஒரு பிழையில்லாமல். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"கல்யாணத்துக்கு முந்தி டைப்ரைட்டிங் தமிழ் லோயர் பாஸ் பண்ணேன்ல. ஹையர் பரீட்சை அன்னைக்குத்தான் உங்கப்பா வீட்டுல பொண்ணு பாக்க வந்தாவ" என்றாள்.

ஆணி அறைவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் அறைந்தாள். வரி முடிந்தால் இடது கை தானாக உயர்ந்து, டைப்ரைட்டரில் வரி மாற்றுகிற நெம்புகோலைக் காற்றில் தேடும். அதைப் பார்த்து நான் சிரிப்பேன். அவளும் கையை இறக்கிக்கொண்டு சிரிப்பாள்.

எதிர்வீட்டு அத்தைதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். பூந்தமல்லியில் பத்திரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் தமிழ் டைப்பிங் தெரிந்த பெண் வேண்டுமாம், தீபாவளி கழித்து வந்து அடித்துக் காட்டச் சொன்னார்களாம். பழைய பத்திரம் ஒன்றின் நகலையும் மாதிரிக்குக் கொடுத்தாள். "உங்கப்பாட்ட இப்பம் சொல்லாத. வேகம் வரட்டும்" என்றாள் அம்மா. நான் தலையாட்டினேன். ரகசியம் என்றால் எனக்கு அல்வா.

அதன்பிறகு பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் வாசலிலேயே தட்டச்சுச் சத்தம் கேட்கும். பாரிவாக்கத்தில் இல்லாத ஒருவருடைய நிலத்தை, நசரத்பேட்டையில் இல்லாத இன்னொருவருக்கு அம்மா தினமும் விற்றாள். வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே எங்கள் கணக்கு வாத்தியார் வீடு. ஒருநாள் எனக்கே அரை கிரவுண்டு எழுதிவைத்தாள், கிணற்றோடு. படித்துக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் காரில்லாத திரையை. வகுப்பில் மற்றவன்கள் எத்தனையாவது லெவலில் இருக்கிறான்கள் என்று பீற்றிக்கொள்ள, என் வீட்டில் நிலப்பதிவு நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு, ஸ்கூலில் கம்ப்யூட்டர் பரீட்சை எல்லார் வீட்டிலும் இருக்கிற பழையதில்தான் வைப்பார்கள், லினக்ஸ்காரன் ஃபெயில் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. நிஜக் காய்ச்சல், தெர்மாமீட்டர் சாட்சி. பரீட்சை விஷயத்தை அப்பாவிடம் உளறினேன். பெருமையெல்லாம் ஒரே நாளில் வற்றி, கம்ப்யூட்டர் அண்ணனுக்குப் போன் போட்டார்.

கம்ப்யூட்டர் அண்ணன் என்பது எங்களுக்கு அந்தப் பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்த சென்னீர்குப்பத்து ஆள். அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ஃபார்மட். படம் ஆடினால் ஃபார்மட், பாட்டு வராவிட்டால் ஃபார்மட், பிளக் கழன்றிருந்த வீட்டில்கூட ஃபார்மட் பண்ணியிருக்கிறார் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து திரையைப் பார்த்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், ஊட்டாண்ட பென்குவினு மேயுது? எவன் இத்த போட்டது?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"நீயா நைனா? சோக்காதான் போட்டுகினு கீற. ஆனா இதுக்கு நம்மாண்ட மருந்து இல்ல. தூக்கிட்டு பழசையே போட்டுர்லாம்."

"அதத்தான் சொல்லுதேன். போடுங்க தம்பி" என்றார் அப்பா.

அம்மா டீ டம்ளரோடு அறைவாசலில் நின்றிருந்தாள். சிடியை உள்ளே தள்ளிய அண்ணன் திரும்பி அவளிடமே கேட்டார். "யக்கா, உள்ளார எதுனா வெச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு. தட்டிட்டேன்னா அல்லாம் பூடும்."

அவள் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பத்திரம், பூந்தமல்லி, எல்லாம் எனக்குத் தெரியும்; சொல்ல வேண்டியவன் நான்தான் என்பது மட்டும் தெரியவில்லை. நான் பயந்ததெல்லாம் வேறு: இவள் ஏதாவது சொல்லி, வேலை நின்று, கார் வராமல் போய்விடுமோ?

"அவளுக்கு என்ன இருக்கு அதுல? பய விளையாடுனதுதான். தட்டுங்க" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு டம்ளரை மேசையில் வைத்தாள் அம்மா.

எவ்வளவு நல்ல அம்மா, என்னைக் காப்பாற்றிவிட்டாளே என்று நினைத்தேன். அன்று ராத்திரி சோறு போடும்போதுகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க்ஸ்மா" என்றேன். "எதுக்குல?" என்றாள்.

தீபாவளி முடிந்து எதிர்வீட்டு அத்தை வந்து, ஏன் போகவில்லை என்று கேட்டாள். வீட்டில் வேலை ஜாஸ்தி என்றாள் அம்மா. அப்பாவுக்கு அந்த ஆபீஸைப் பற்றிக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் வேண்டாமென்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கேட்டுப் பார்க்கவும் அவர் இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் பழையதையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே நம்மைக் கேட்கும் என்பதைக் கல்லூரியில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டவுடன் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஃபார்மட் ஆன அந்த ஞாயிறு சாயங்காலம், அண்ணன் போனதும், அம்மா என் பின்னால் வந்து நின்றாள். "கொஞ்சம் தள்ளு." பெருந்தன்மையாகக் கார் ரேஸை நிறுத்திவிட்டு, அவள் கேட்டபடி எழுதுகிற பக்கத்தைத் திறந்துவிட்டேன். நுனியில் உட்கார்ந்து, காலண்டரைப் பார்த்தபடி ஒரு வரி அடித்தாள். திரையில் ஆங்கில எழுத்துகள் நொறுங்கிய கண்ணாடிபோலச் சிதறிக் கிடந்தன, நடுநடுவே புள்ளியும் கோடும். இடது கை பழையபடி உயர்ந்து, பாதியில் நின்றது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். அம்மாவும் சிரித்தாள். என்னைவிடக் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் எதற்கு என்று யோசிக்க எனக்கு ஏது நேரம்? அவள் எழுந்ததும் நாற்காலியில் தாவி ஏறி, காரைக் கிளப்பினேன்.