அடுத்த லீவுக்கு வைத்த வேலை

அண்ணன் இறந்த செய்தி நான் வேலை பார்த்த பத்திரிகையில் சிறிய துண்டாக வந்தது. எழுதியவன் நான் அல்ல. ஆனால் ‘கட்டுப்பாட்டை இழந்த ஜீப் சரிவில் கவிழ்ந்தது’ என்ற வாக்கியத்தை நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். காரணம் தெரியாத விபத்துகளுக்கெல்லாம் அது பொருந்தும். அண்ணனுக்கும் பொருந்தியது. மழை, ரப்பர் தோட்டத்து இறக்கம், ஈரச் செம்மண். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கத்தாரில் இருந்த என் தம்பி மட்டும் காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான். தன் கைவேலைதான் அண்ணனைக் கொன்றது என்று. இரண்டு மழைக்காலம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். அடக்கத்துக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. குழிக்கு மேலே போனைப் பிடித்து நான்தான் காட்டினேன். திரையில் அவன் முகம் தெரியவில்லை. அவன் அறையின் கூரைதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுபோல் அண்ணனைச் சொந்த விளையிலேயே, வீட்டுத் தோட்டத்திலேயே, அடக்கம் செய்தோம். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் மண்பாதையின் ஓரத்தில் கல்லறை. பாதையின் கீழ்முனையில் தகரக் கொட்டகை. கட்டி இழுத்து வந்தவர்கள் விட்டுப்போன இடத்திலேயே ஜீப் அதில் நின்றது, முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு இல்லாமல். அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூலைகளில் செங்கல் வைத்திருந்தார்.

இந்த வருடம் தம்பி வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தான். வந்ததும் தார்ப்பாயை எடுத்தான். மைனிக்கு ரப்பர் ஷீட் இறக்க வண்டி வேண்டும், வாடகைக்கும் ஓடலாம் என்றான். அடியில் படுத்துப் பார்த்தவன், முன் சாஃப்ட்டைக் காணோம் என்றான்.

ஜீப்பின் நடுவே உள்ள பெட்டியிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் போகும். ஒன்று பின் அச்சுக்கு, ஒன்று முன் அச்சுக்கு. அவற்றைத்தான் சாஃப்ட் என்பார்கள். சாதாரண ரோட்டில் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். மலையில் லிவரைப் போட்டால் முன் சக்கரங்களும் இழுக்கும்.

“கட்டி இழுத்தவனுவ கழத்திப் போட்டிருப்பானுவ” என்றேன். இழுத்து வரும்போது அப்படிச் செய்வது வழக்கம்தான். அவனும் அதையே நினைத்தான். மார்த்தாண்டத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடி, அளவு ஒத்த ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். எஞ்சினையும் ஓடவைத்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்தது எனக்குப் புரியவில்லை. வெயிலில் காய்ந்து கெட்டியாகக் கிடந்த மண்பாதையில் நான்கு சக்கர லிவரைப் போட்டு வண்டியை ஏற்றினான். கல்லறையை நெருங்கியபோது ஒரு முனகல் வந்தது. எஞ்சின் சத்தம் அல்ல. அடியில் எங்கோ இரும்பு முறுக்கேறும் சத்தம். வண்டி நடுங்கி நின்றுவிட்டது. லிவரை இழுத்தான், வரவில்லை. ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் பின்னால் வந்ததும் தானாக விட்டது. மறுபடி ஏற்றினான். மறுபடி முனகி நின்றது. மறுநாள் காலையிலும் அதையே செய்தான். அதற்கு அடுத்த நாளும்.

பக்கத்து விளையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் வாளியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

“லேய், கெல்ஃபுல நீ ஒட்டகமா ஓட்டுன? இந்த மொரண்டு பிடிக்கு.”

“ஓய், நீரு போய் பால வெட்டும்” என்றான் தம்பி, தலையைத் திருப்பாமல்.

அவர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “எங்க வந்து நிக்குனு பாத்தியளா? அவரத் தாண்டிப் போவாது, கேட்டியளா.”

மைனி அடுக்களைப் படியில் ஈரக்கையோடு நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“அவருதான் பிடிக்காரு” என்றார். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் படிக்கு வந்துவிடுவார். முனகல் வரும்வரை நிற்பார். வந்ததும் உள்ளே போவார்.

வண்டி நின்ற இடங்களை நான் கவனித்தேன். கல்லறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லிவரைப் போட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம் போனதும் நிற்கும். கீழே போட்டால் கீழே நின்றது. இதை மைனியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் கேட்டேன்.

“எதுக்குலே இதையே செய்யுக?”

அவன் ஒரு சாக்குக்கட்டி எடுத்து வந்தான். இரண்டு சாஃப்ட்டிலும் கீழ்ப்பக்கமாக ஒரு கோடு போட்டு, கியரையும் லிவரையும் விடுவித்துவிட்டு, என்னை அடியில் பார்க்கச் சொல்லி வண்டியை மெல்லத் தள்ளினான். இரண்டு கோடுகளும் சேர்ந்து கிளம்பின. முன்னது ஒரு சுற்று முடித்துக் கீழே வந்தபோது பின்னது அதைக் கடந்து பக்கவாட்டில் ஏறியிருந்தது.

“பின்னால உள்ள பல்லு நான் மாத்துனதுல்லா” என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. கடைசியாக அவன் லீவில் வந்தபோது, பாரம் ஏற்றினால் வண்டி திணறுகிறது என்று அண்ணன் சொன்னார். இதே கொட்டகையில் பின் அச்சைத் திறந்து, உள்ளே இருந்த பல்சக்கரங்களை மாற்றிக் கொடுத்தான். வேகம் குறைந்தது, இழுவை கூடியது.

“முன்னால பழசுதான் கெடக்கு. ரெண்டும் ஒரு கணக்குல சுத்தாது. அதுக்குள்ள லீவு தீந்துட்டு. முன்னால உள்ளத அடுத்த லீவுல பாக்கலாம்னு போயிட்டேன்.”

எங்கள் ஊரில் பாதி வேலை இப்படித்தான் நடக்கும். கீழ்த்தளம் ஒரு லீவு, மாடி அடுத்த லீவு. கிணறு ஒரு லீவு, மோட்டார் அடுத்த லீவு. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் மொட்டை மாடிகளை யாரும் தவறாக நினைப்பதில்லை. இவன் வண்டியையும் அப்படி விட்டுப் போயிருந்தான்.

“அதுவர ஃபோர் வீல் போடக் கூடாது. போட்டா ஒரு ஜோடி தள்ளும், ஒரு ஜோடி பிடிக்கும். காஞ்ச தரையில இப்பிடி இறுகி நிக்கும். மழையில, எறக்கத்துல போட்டா ஏதாவது ஒரு ஜோடி வழுக்கத்தான் செய்யும்.”

“பெரியண்ணன்கிட்ட சொன்னியா?”

“அதுதாண்ணே தெரியல. சொல்லணும்னு நெனச்சது ஞாபகம் இருக்கு. ஏர்போர்ட்டுக்குப் போற வழியிலகூட நெனச்சேன். சொன்னது ஞாபகம் இல்ல.” சாக்குத்தூளைக் கையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தான். “அண்ணன் கடைசியா கேட்டது இந்தச் சத்தந்தானானு பாக்கேன்.”

டீயோடு வந்த மைனி எங்கள் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

“இந்தக் கொழாயா நீ மார்த்தாண்டத்துலருந்து வாங்குன? இதுபோல ஒண்ணு பொகக்கூட்டுல கெடக்குல்லா.”

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டின் பரணில் அது இருந்தது. அண்ணன் உடுத்திய கட்டம் போட்ட பழைய சாரத்தில் சுற்றி, இரண்டு முனையிலும் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தது. கழற்றிய போல்ட்டுகள் ஒரு டப்பாவில் தனியாக இருந்தன. வண்டியைக் கட்டி இழுக்கிறவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்.

“நீ ஏறிப்போன பொறவு அவருதான் கழத்துனாரு” என்றார் மைனி. “முன்னால உள்ள வேலைய அவன் வந்து முடிச்சுட்டு மாட்டட்டும்னாரு.”

“நான் சொல்லித்தான் கழத்துனாரா மைனி? இல்ல, ஓட்டிப் பாத்து அவரே கண்டுபிடிச்சாரா?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும் மக்கா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா?”

“நீ கேட்டியா?”

லிவரைப் போட்டதால் அண்ணன் சாகவில்லை. முன் சாஃப்ட்டே இல்லாத வண்டியில் அந்த லிவரால் ஒன்றும் ஆகாது. ஆனால் முன் சக்கரங்களின் பிடிப்பு இல்லாமல்தான் அந்த ஈர இறக்கத்தில் அவர் இறங்கியிருக்கிறார். இரண்டும் தம்பியின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. எது அங்கே தங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவன் வேலையைத் தொடங்கினான். முன் அச்சைத் திறந்தான். பின்னால் போட்ட அதே கணக்குள்ள பல்சக்கரங்களைத் தேடிப் பிடித்து மாற்றினான். வாங்கி வந்த சாஃப்ட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அண்ணன் கட்டிவைத்ததை மாட்டினான். டப்பாவில் இருந்த போல்ட்டுகளையே முறுக்கினான். மறுபடி சாக்குக்கோடு போட்டுத் தள்ளிப் பார்த்தோம். இரண்டு கோடுகளும் சேர்ந்தே கிளம்பி, சேர்ந்தே கீழே வந்தன.

காலையில் லிவரைப் போட்டு வண்டியை ஏற்றினான். மைனி வழக்கம்போல் படிக்கு வந்தார். வண்டி கல்லறையை நெருங்கியது, தாண்டியது. எஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. பாதையின் மேல்முனையில் நிறுத்திவிட்டுத் தம்பி திரும்பி மைனியைப் பார்த்தான்.

“இப்போ பிடிக்கலியா?” என்று கேட்டார் மைனி.

“இல்ல மைனி. செரியாயிட்டு.”

“செரி. அப்போ இனி சத்தம் வராது.”

தம்பி லிவரைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு ரோட்டில் ஏறிப் போனான். வளைவு தாண்டி வண்டியின் சத்தம் அடங்கிய பிறகும் மைனி படியிலேயே நின்றார். கையில் ஈரம் காய்ந்திருந்தது.