பூஜையில் வைத்த கிட்டார்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று நான் செய்தது தப்பா சரியா என்று இன்னும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. என் மகளுக்கு இப்போது நாலு வயது. அவளிடம் ஒரு வேலையைச் சொல்லும்போது, எங்கே சொன்னபடியே செய்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வருகிறது. மற்ற அம்மாக்களுக்கு இந்தப் பயம் இருப்பதாகத் தெரியவில்லை. நானே அப்படிச் சொன்னபடி செய்த குழந்தைதான்.

கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அம்மா, வீட்டில் யாரும் இல்லாத பகல் நேரத்தில் வீணை வாசிப்பாள். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் உறை போட்டு மூடிவிடுவாள். அவள் மேடையில் வாசித்து நான் பார்த்ததில்லை. தான் வாசிப்பது யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தாள். அந்தக் கட்டடத்தின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று அவளுக்குத் தெரியாது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். வாசல் நிறைய நின்றார். வீணைச் சத்தத்துக்காகச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் மன்னிப்புக் கேட்டாள். அவரோ, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். செருப்பைக் கழற்றியதற்காகவே அம்மா காபி போட்டாள்.

அவர் ஹவாய்த் தீவில் பிறந்தவர். கிட்டார் வாசிப்பவர். செனகல்காரர் ஒருவருடைய யாழோடும், ஜப்பான்காரர் ஒருவருடைய புல்லாங்குழலோடும் சேர்ந்து வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அந்த இலையுதிர்காலம் மட்டும் இங்கே ஒரு கியூபெக் வயலின்காரருக்காக வந்து தங்கியிருந்தார். எல்லா ஊர்ப் பாட்டும் ஒன்றோடு ஒன்று பேசும் என்பது அவருடைய நம்பிக்கை. நான் பள்ளியில் பிரெஞ்சும் வீட்டில் தமிழும் பேசித் திணறிக்கொண்டிருந்தேன். எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

மறுநாள் கிட்டாரைக் கொண்டுவந்தார். வாசிக்கும் முன் முறுக்காணிகளைத் திருகித் தந்திகளைத் தளர்த்தினார். அம்மா பதறிப்போனாள்.

"சுருதியை இறக்கிட்டாரே. இனிமே என்னத்தை வாசிக்கறது?"

"அவர் ஊர் வழக்கமே அதுதானாம்" என்றார் அப்பா. "கொஞ்சம் பொறுத்துப் பாரேன்."

இடது கை எதையும் தொடாமல் அவர் தந்திகளை ஒருமுறை மீட்டினார். அது தானாகவே ஒரு சுருதியாக நின்றது. அம்மா சற்று நேரம் கேட்டாள். பிறகு வீணையின் உறையைக் கழற்றி, அதன் மேல் மோகனத்தை மெல்ல விட்டுப் பார்த்தாள். நான் வீட்டில் இருக்கும்போது அவள் உறையைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் வாரம் இரண்டு நாள் வந்தார். அவர் வீட்டு ஹீட்டரின் வறட்சியில் மரம் வெடிக்கும் என்று கிட்டாரை எங்கள் வீட்டிலேயே விட்டுப்போவார். எங்கள் வீட்டில்தான் வீணைக்காக ஒரு ஹியூமிடிஃபையர் இரவும் பகலும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அக்டோபரில், நாலு தெரு தள்ளியிருந்த ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவருக்குக் கச்சேரி ஏற்பாடாயிற்று. அம்மாவையும் சேர்ந்து வாசிக்கும்படி கேட்டார். அம்மா நாள்காட்டியைப் பார்த்தாள். அன்று சரஸ்வதி பூஜை.

"அன்னிக்கு வீணையைத் தொடக் கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் அப்பாவிடம்.

"அவரையே கேட்டா தேதியை மாத்திக்குவார். ரெண்டு நாள் தள்ளி வெச்சா என்ன?"

"அவங்க ஏற்பாட்டையெல்லாம் நமக்காக மாத்தச் சொல்ல முடியுமா?"

சாமி விஷயம் என்றால் சாமி விஷயம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அம்மா இல்லாமலே வாசிப்பதாக அவர் சொல்லிவிட்டார்.

பூஜையன்று அம்மா சமையலறையில் சுண்டலைத் தாளித்துக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டாள். "வீட்டுல இருக்கிற வாத்தியம், உன் புத்தகம், எல்லாத்தையும் கொண்டுபோய் சாமி முன்னாடி வை." நான் கணக்குப் புத்தகத்தையும் பிரெஞ்சு இலக்கணத்தையும் வைத்தேன். சுருதிப் பெட்டியை வைத்தேன். அப்பா உதவியோடு வீணையை நகர்த்தினேன். அப்பா போன பிறகு, மூலையில் சாய்ந்திருந்த கிட்டாரைத் தூக்கிவந்து வீணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். எல்லாவற்றையும் என்றுதானே சொன்னாள்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள் கிட்டாரைப் பார்த்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வீணைக்குப் பொட்டு வைத்தாள். பிறகு குனிந்து கிட்டாருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு பூவையும் வைத்தாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று இந்த வயதிலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் கிடைக்கிறது.

ஐந்து மணிக்கு அவர் கிட்டாரை எடுக்க வந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் கச்சேரி. பூஜைக்கு வந்திருந்த மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஐயோ அக்கா, அந்தாளின்ர கிற்றாரையும் வச்சுப்போட்டியளே? அது இனி நாளைக்குக் காலமை வரைக்கும் அசையாதே."

"வெச்சது இவ" என்று அம்மா என்னைக் காட்டினாள். பொட்டு வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

"பாவம் என் மேல வரட்டும், நான் எடுக்கறேன்" என்று அப்பா குனிந்தார். கிட்டார்காரர் கையை நீட்டித் தடுத்தார். விஷயத்தை ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். தங்கள் ஊரிலும் தொடக் கூடாத இடங்கள் உண்டு, தெய்வத்துக்கு வைத்ததை அவசரத்துக்கு எடுக்க மாட்டோம், தான் வெறும் குரலில் பாடிக்கொள்வதாகச் சொன்னார். தரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்ல மனுசன்" என்றார் அன்ரி என்னிடம். "என்ர அவரெண்டால் இந்நேரம் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பார்."

போகும்போது அவர் வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அம்மா தலையை ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா என்று நம்மவர்கள் தலையாட்டுவதை வைத்து அவர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பாரோ.

அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு, அம்மா விறுவிறுவென்று சாமி முன்னால் போனாள். மறுநாள் காலையில் செய்ய வேண்டிய மறுபூஜையை அப்போதே செய்தாள். கற்பூரம் காட்டினாள். படத்தையும் புத்தகங்களையும் பூஜை முடிந்ததற்கு அடையாளமாக வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

"இண்டைக்கே முடிச்சுப்போட்டியளோ அக்கா?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் அம்மா. கிட்டாரை எடுத்துப் பெட்டியில் வைத்து அப்பா கையில் கொடுத்தாள். "ஓடுங்க. ஆரம்பிக்கறதுக்குள்ள போய்டலாம்."

அப்பா நகரவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது.

"பூஜை முடிஞ்சிடுச்சுன்னா வீணையையும் எடுக்கலாம்தானே, அம்மா?"

அன்ரி வெற்றிலைத் தட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம் என்று அன்று எடுத்துக்கொண்டேன்.

"பூஜை முடிஞ்சிடுச்சு இல்ல? போய்ப் பாடத்தைப் படி" என்றாள்.

அப்பா கிட்டாரோடு தனியாக ஓடினார். பண்டிகை நாளில் படிக்கச் சொல்கிறாளே என்று நான் இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா பட்டுப்புடவையை மாற்றாமல் வீணைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அன்ரி சொல்லிக்கொண்டு போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அப்பா திரும்பி வந்து, கச்சேரி பிரமாதம் என்றார். செனகல்காரர் பாடினார், வயலின்காரர் காலால் தாளம் போட்டார், ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனவர், நடுவில் நிறுத்தி, "நம்ம கிட்டார்காரர் பக்கத்துல ஒரு ஜமுக்காளம் விரிச்சு, அதுக்கு முன்னாடி மைக்கைத் தாழ்த்தி வெச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் யாரும் உட்காரலை" என்றார்.

அம்மா அப்பாவிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

யாரோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கிட்டாரும் தாமதமாகி, கூட வாசிக்க வேண்டியவரும் ஏமாற்றிவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார். எனக்கு அவர் மேல் இரக்கமாக வந்தது. சொன்னால் சொன்னபடி செய்ய வேண்டும், அப்படி வராமல் இருப்பது ரொம்பத் தப்பு, இல்லையா அம்மா என்று கேட்டேன்.

ஆமாம், ரொம்பத் தப்பு என்றாள் அம்மா. அவள் என் கட்சியில் இருக்கிறாள் என்று எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது.