மைதீன் பாத்திமா விற்காத பம்ப்

"இன்னொரு மட்டம் செஞ்சு காட்டுங்க அண்ணே. தொண்டையில செய்யாதிய, நெஞ்சுக்குள்ள இருந்து வரட்டும்" என்கிறார் மைதீன் பாத்திமா. கல்லாப்பெட்டிக்கு எதிரே நிற்கிற ஆளுக்கு ஆறடி உயரம், வெயிலில் காய்ந்த தோள், கையில் ஒரு மஞ்சள் பை. சாலையை ஒரு தடவை வெட்கத்தோடு திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் ஜங்ஷன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்க அவரைத்தான் பார்க்கிறது. என்ன செய்ய, படகு ஓடியாக வேண்டுமே. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "டுக்கு டுக்கு டுக்கு... டக்! டுக்கு டுக்கு... டக்!" என்று தன் எஞ்சினாகவே மாறிவிடுகிறார்.

"அந்த டக்கு பாரத்துல வருதா, சும்மா ஓடும்போதும் வருதா?"

"பாரத்துலதான்க்கா."

"பொகை?"

"கறுப்பு. அட்டக் கறுப்பு."

"டீசல் பீச்சுத நாசில் ஒழுகுது. ஊர்ல எவனாவது எஞ்சினைப் பிரிக்கணும்னு சொன்னா கிட்ட விடாதிய. நாசிலை மட்டும் கழத்திக் கொண்டாங்க, போங்க." அவ்வளவுதான் வைத்தியம். ஆறடி ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்.

இந்தக் கடைக்கு மேலே, மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவன் நான். கீழே டுக்கு டுக்கு கிளம்பினால் மேலே என் மாணவிகள் சிரித்துச் சிரித்து ஒரு வரி உருப்படியாக அடிக்கமாட்டார்கள். ஆரம்பத்தில் சண்டைக்குப் போனேன். இப்போது எதிர்ச்சாரியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்து என் கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டதால், நானே பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஓசியில் இப்படி ஒரு வேடிக்கை டவுண் தேரோட்டத்தில்கூடக் கிடைக்காது.

கடை என்னவோ பாத்திமாவின் கணவர் தாஜ் முகம்மதுவின் கடைதான். டீசல் எஞ்சின் உதிரி பாகங்கள். தாமிரபரணிக் கரையில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினும், ஆறு கடலில் சேருகிற இடத்தில் வள்ளம் ஓட்டுகிற எஞ்சினும் ஏறக்குறைய ஒரே குடும்பம். ஆகவே விவசாயியும் வருவார், கடல்காரரும் வருவார். விவசாயி எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுகூட வந்துவிடுவார். கடல்காரர் வள்ளத்தை வண்ணார்பேட்டைக்கு எப்படிக் கொண்டுவருவார்? அதனால் சத்தத்தை வாயில் கொண்டுவருகிறார். கழற்றிய பழைய பாகத்தைப் பையில் கொண்டுவருகிறார். கூடவே தொட்டியின் அடியிலிருந்து பிடித்த ஒரு பாட்டில் டீசலும் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் பாத்திமா போட்ட சட்டம். பழசைக் காட்டாமல் புதுசு கிடையாது.

ஏரலுக்குப் பக்கத்தில் அவருடைய வாப்பா டீசலில் ஓடுகிற அரிசி மில் வைத்திருந்தார். மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். "எஞ்சின் ஓடுனா நாங்க நல்லா தூங்குவோம். நின்னாத்தான் எல்லாரும் முழிப்போம்" என்பார் பாத்திமா. எது எப்படி நின்றால் எதற்காக நின்றது என்று அந்தக் காதுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. கடலில் கால் நனைத்ததோடு சரி. வள்ளத்தில் ஏறியதே இல்லை. கேட்டால், "எனக்குக் குமட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

ஐம்பதை நெருங்குகிற வயது. சேலைத் தலைப்பில் முக்காடு, ஒற்றைக்கல் மூக்குத்தி, வலது கை ஆள்காட்டி விரலில் எந்தச் சோப்புக்கும் போகாத எண்ணெய்க் கறை. அந்த விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து எஞ்சின் ஆயிலைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். "மண்ணெண்ண கலந்தியளா?" என்பார். "அய்யோ, இல்லக்கா!" என்று வந்தவர் நெஞ்சில் கை வைப்பார். "பொய் சொல்லாதிய. டாக்டர்கிட்டயும் எங்கிட்டயும் பொய் சொன்னா உங்களுக்குத்தான் நட்டம்." வந்தவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தால் கலந்தது உறுதி.

விலை சொல்வதிலும் அவருக்கு ஒரு வழி உண்டு. மூடி, குழாய், வாசர் எல்லாம் லோக்கல் சாமானே போதும் என்று அடித்துச் சொல்வார். பிஸ்டன் ரிங் என்று வந்துவிட்டால் கம்பெனி சாமான்தான். "லோக்கல் முந்நூறு, கம்பெனி எழுநூறு. நீங்க முந்நூறுக்கு வாங்குவிய. அது ஒரு வருசத்துல பிஸ்டன் ஓடுத லைனரைத் தின்னுரும். லைனர் ரெண்டாயிரம். இப்ப சொல்லுங்க, எது மலிவு?" இதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்கிற தாஜ் முகம்மதுவுக்கு வயிறு எரியும். "வாங்க வந்தவனை வாங்காதேன்னு வெரட்டுனா கடை வெளங்கிரும்" என்று அலமாரியைப் பார்த்துச் சொல்வார். அலமாரி பதில் சொல்லாது, மனைவி அதற்குள் அடுத்த ஆளின் பையைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

எல்லாமே சரியாகச் சொல்கிற அவதாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை கொம்பையா என்கிற விவசாயிக்கு ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சாதித்தார். மாற்றினார்கள், சரியாகவில்லை. கேஸ்கட்டைச் சரியாக மாட்டவில்லை என்று கொம்பையாவையே வாய்க்கு வந்தபடி ஏசினார். கடைசியில் பார்த்தால் ஹெட்டிலேயே மயிரிழைக் கீறல். கேஸ்கட் காசைத் திருப்பிக் கொடுத்தார், ஏசியதைத் திருப்பி எடுக்கவில்லை. கொம்பையா இன்றைக்கும் இதை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். ஊரைச் சொல்லமாட்டேன், கடற்கரை ஊர், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பெயரையும் மாற்றி கஸ்பார், பிரகாசி என்று வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். கஸ்பார் வந்ததும் வராததுமாக, "ஃப்யூல் பம்ப் ஒண்ணு எடுங்க. கம்பெனி சாமான். வெல என்ன?" என்றார். ஊர் மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். தாஜ் முகம்மது முகமெல்லாம் பல்லாக, பெட்டியின் தூசியை ஊதிக்கொண்டே "ஆறாயிரத்து இருநூறு" என்றார். கஸ்பார் மனைவியைப் பார்த்தார். பிரகாசியின் கையில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று இருந்தது. "டவுண்ல இதை அடகு போட்டுட்டு வந்து வாங்கிக்கிடுதோம்" என்றார் கஸ்பார். கைக்குட்டைக்குள் இருந்தது அந்தப் பெண்ணின் கழுத்துச் சங்கிலி.

"அது இருக்கட்டும். பாட்டில் எங்க?" என்றார் பாத்திமா.

கஸ்பார் அலுத்துக்கொண்டே பாட்டிலையும் கழற்றிய பம்பையும் நாசிலையும் எடுத்து வைத்தார். பாத்திமா பாட்டிலை அசையாமல் ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, "இப்ப சத்தம்" என்றார். கஸ்பார் செய்து காட்டினார். "டுக்கு டுக்கு டுக்கு... ம்... டுக்கு... ம்... ம்... அந்தால செத்துரும்." புகை வெள்ளை. அதற்குள் பாட்டில் தெளிந்துவிட்டது. மேலே டீசல், அடியில் நாலு விரற்கடை தண்ணீர். பாத்திமா ஒரு உறிஞ்சு குழலை உள்ளே விட்டு அடித்தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். காறித் துப்பினார்.

"உப்பு இல்ல. கடத்தண்ணி ஏறல தம்பி, இது நல்லதண்ணி. தண்ணியக் குடிச்சா எந்தப் பம்பு ஓடும்? உங்க பம்புக்கு ஒரு நோவும் இல்ல. சங்கிலியை உள்ள வைங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. கஸ்பார் முகமோ இருண்டுகொண்டு வந்தது. "நல்லதண்ணி எப்படி தொட்டிக்குள்ள போவும்? எவனோ ஊத்தியிருக்கான்" என்றவர், சட்டென்று மேசையில் ஓங்கி அடித்தார். "எவனோ என்ன எவனோ! எங்கண்ணன்தான். வள்ளத்துல பங்கைப் பிரிச்சுக் குடுன்னு கிறிஸ்மஸ்ல இருந்து குதிச்சுக்கிட்டு இருக்கான். இன்னைக்கு ஊருக்குப் போயி அவன் கையை ஒடிக்கல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல!"

கோபத்தில் சும்மா சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. பிரகாசி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவள் பார்த்தது புருஷனை அல்ல, பாட்டிலை. நான் அதைக் கவனித்தேன் என்றால், பாத்திமா எனக்கு முன்னாலேயே கவனித்துவிட்டார். "தம்பி, ஒடிக்கதுக்கு முன்னால பம்பையும் நாசிலையும் முக்குக் கடையில ஒரு மட்டம் டெஸ்ட் பண்ணிருங்க. ஏங்க, நீங்களும் கூடப் போங்க" என்று ஆண்கள் இரண்டு பேரையும் கிளப்பினார். விற்காத பம்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, தாஜ் முகம்மது முணுமுணுத்துக்கொண்டே போனார். என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எழுந்திருக்காமல் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தப்புதான், ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை.

"உக்காரு தங்கச்சி" என்றார் பாத்திமா. "எங்க உம்மா இருக்காவளே, மில் எஞ்சின் அடிக்கடி மக்கர் பண்ணுதுன்னு, ஓதுன தண்ணிய டீசல் தொட்டியில ஊத்தப் பாத்தாவ. நான்தான் கையைப் பிடிச்சேன்." இது நிஜமா, அந்த நிமிடத்துக்கு உண்டாக்கியதா, எனக்குத் தெரியாது. பிரகாசி பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள்.

தவக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் டீசல் குழாய் அடைத்து வள்ளம் நடுக்கடலில் நின்றுவிட்டது. கஸ்பார் கரை சேர மறுநாள் ஆயிற்று. அந்தப் பயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலில் இருந்து தீர்த்தம் வாங்கிவந்து, யாருக்கும் தெரியாமல் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். "மாதாவே, நீயே பாத்துக்கோன்னு ஊத்துனேன்க்கா. அதுக்குப் பெறவும் நின்னுச்சு. என் விசுவாசம் பத்தலையோன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துனேன். இப்ப தினசரிப் பூசைக்குப் போறதே தீர்த்தம் வாங்கத்தான்க்கா. ஊருக்குத் தெரிஞ்சா நான் எங்க போயி முழிப்பேன்? சொல்லாம இருந்தா அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டுச் சாவாவ."

பாத்திமா சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன், பிறகு வருத்தப்பட்டிருப்பேன். "அழாத. வள்ளத்து முன்னால அணியத்துல தெளி, அவரு நெத்தியில தெளி, வலையில தெளி. தொட்டியில மட்டும் ஊத்தாத. எஞ்சினுக்கு டீசலைத் தவிர ஒண்ணும் சேராது" என்றார். "நெசமா பயமா இருந்தா ஒரு வேலை செய்யி. வாராவாரம் தொட்டி அடித் திருகைத் தெறந்து, தண்ணி நிக்குதான்னு நீயே பாரு. அதுவும் அவரைக் காப்பாத்துததுதான்."

ஆண்கள் திரும்பினார்கள். பம்ப் நன்றாக இருக்கிறது, நாசிலில் மட்டும் லேசாகத் துரு. கஸ்பார் கோபம் ஆறாமல், "நான் ஊருக்குக் கெளம்புதேன்" என்றார். "கெளம்பலாம், இருங்க" என்றார் பாத்திமா. "தொட்டியை அரையும் குறையுமா போட்டு வைக்கிய, இல்லியா? ராத்திரிப் பனிக்கு உள்ள வேர்த்து வேர்த்துத் தண்ணி இறங்கும். அதான் இது. உங்க அண்ணனை ஏன் இழுக்கிய?"

தாஜ் முகம்மது முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். "வேர்த்தா நாலு வெரக்கடை..." என்று ஆரம்பித்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். மனிதர் அப்படியே பேச்சைத் திருப்பி, "ஆமா தம்பி, பனின்னா இந்த வருசம் என்ன பனிங்கிய! எங்க வீட்டுத் தகரமே சொட்டுது" என்றார். அந்த ஆளை நான் இத்தனை நாளாகக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

கஸ்பார் கழற்றிய பம்பைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "பனியா... நான் காலையில அவன்ட்ட பேசக்கூட இல்ல" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். நாற்பது ரூபாய்க்கு ஒரு ஃபில்டர் வாங்கினார். தொட்டியை இறக்கிக் கழுவி வெயிலில் காயவைக்கச் சொல்லி அனுப்பினார் பாத்திமா. பிரகாசி கைக்குட்டை முடிச்சை அங்கேயே அவிழ்த்து, சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

புறப்படுகிற நேரத்தில் கஸ்பார் பாட்டிலை எடுத்து, கடை முன்னால் ஓடுகிற சாக்கடையில் கவிழ்க்கக் குனிந்தார். பிரகாசி தடுக்கக் கையை நீட்டப் போய், சட்டென்று இழுத்துக்கொண்டாள். "கொடுங்க தம்பி, எனக்கு வேணும்" என்று பாத்திமா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேலே மிதந்த டீசலை ஒரு தகரத்தில் வடித்தார். மிச்சத்தோடு பின்கட்டுக்குப் போனார். நான் இருந்த இடத்திலிருந்து கதவு வழியே தெரிந்தது. மதிலோரத்தில் யார் காலும் படாத மூலைக்குப் போய் நின்று, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துப் பைய ஊற்றினார்.