அப்பாவின் தலைப் படமும் சித்தப்பா கண்ட விரிசலும்

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரியாவிட்டாலும் வாயை மூட மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காரைக்குடியில் அவரும் சித்தப்பாவும் சேர்ந்து தச்சு வேலை பார்த்துவந்தார்கள். ஒருநாள் காலையில் அப்பா பட்டறையிலேயே விழுந்தார். வாய் கோணி, இடது கை செத்துப்போனது. மதுரை ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து கையும் பேச்சும் ஓரளவு தேறின. சில சொற்கள் மட்டும் நாக்கு நுனிவரை வந்துவிட்டு உள்ளே ஓடிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது தலைக்கு எடுத்த எக்ஸ்ரே பிலிமையும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. வினை அதில்தான் இருந்தது.

சித்தப்பா பிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்து, மரக்கடையில் பலகை பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டை ஓட்டில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடியது. அதை நகத்தால் தொட்டு எனக்குக் காட்டினார்.

“இங்குட்டு வந்து பாரு. விரிசல் விட்டிருக்கு. இது இதோட நிக்காது, இன்னும் ஓடும். ஒரு வருசத்துல அண்ணனுக்கு ஆளே அடையாளம் தெரியாது.”

“டாக்டர் சொன்னாரா?”

“டாக்டர் என்னத்தச் சொல்றது? தேக்குல எத்தன விரிசல் பாத்திருக்கேன்!”

“அப்பா தலை தேக்கு இல்ல சித்தப்பா.”

“தேக்கா இருந்தாத் தப்பிச்சிருக்குமே” என்று சொல்லிவிட்டு அழுதார். நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அழுதவர் சும்மா இருந்தாரா? ஊரெல்லாம் சொன்னார். தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுத் தலைவாசல் நிலையை அப்பாதான் செய்து முடித்திருந்தார். நிலை செய்த ஆசாரியே அதை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆச்சி ஆள் அனுப்பினார்: புத்தி கலங்கப்போகிறவர் கை வேண்டாம், தம்பி வந்து நிறுத்தட்டும்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் சோற்றைக் கொண்டுபோனபோது, “ஏத்தா, ஒன்னையும் மறந்துருவனா?” என்று கேட்டார்.

மறுநாள் பிலிமை ஒரு கையிலும் சித்தப்பாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் பிலிமைப் பார்த்துச் சிரித்தார். “இது விரிசல் இல்ல. மண்டை எலும்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடம். எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்கு.”

“நமக்கா?” என்றார் சித்தப்பா.

“எடுத்துப் பாத்துருவமா?”

சித்தப்பா பின்வாங்கி என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

“மூளை எங்க இருக்கு இதுல?” என்று கேட்டேன்.

“மூளை இதுல விழாதும்மா, எலும்பு மட்டும்தான். விழுந்தாரே, மண்டை உடைஞ்சிருக்கான்னு பாக்க எடுத்தோம். புத்தி தேறுமா மங்குமான்னு இதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. வேலை செய்ய விடுங்க. போகப்போகத்தான் தெரியும்.”

“இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?” என்று கத்தினேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன். கேட்டது கேட்டதுதான்.

திரும்பும் பஸ்ஸில் திருப்பத்தூர் வரும்வரை சித்தப்பா தன் மண்டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

“என்ன தேடுறீக?”

“நெசமாவே மேடு பள்ளமா இருக்கு புள்ள.”

“ஊரெல்லாம் நீங்கதானே சொன்னீக. ஆச்சிகிட்ட நீங்களே போய் மாத்திச் சொல்லுங்க.”

போய்ச் சொன்னார். ஆச்சி என்ன திட்டினாரோ, நாலு நாளைக்கு யாருக்கும் முகம் கொடுக்காமல் திரிந்தார். ஆனால் அப்பாவுக்கு அழைப்பு வந்தது.

இப்போது மூளையையே துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு நினைவு மங்குமா என்று முன்கூட்டியே கணிக்கவும் பார்க்கிறார்களாம். நல்லது, செய்யட்டும். படத்தைக் கொடுக்கும்போது வாயைத் திறந்து நாலு வார்த்தையும் சொல்லட்டும். அப்பாவுக்குச் சித்தப்பா சொன்ன ஒரு வருசத்தில் ஒன்றும் ஆகவில்லை. பல வருசம் கழித்து, மெதுவாகத்தான் மங்கியது. கடைசியில் என் பெயர் போய்விட்டது. என்னைப் பார்த்தால் சிரிப்பது போகவில்லை.

நிலை நிறுத்திய அன்று குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றினார்கள். ஆட்கள் நிலையைத் தூக்கிப் பிடிக்க, அப்பா வலது கையை நீட்டினார். “அந்த… கயித்துல தொங்குமே… அத…”

சொல் வரவில்லை. ஆச்சியின் முகம் மாறியது.

“இந்தாண்ணே” என்று சித்தப்பா தூக்குக்குண்டை அவர் கையில் வைத்தார். அவர் கேட்கத் தொடங்கும்போதே எடுத்து வைத்திருந்தார். அப்பா நூலைத் தொங்கவிட்டு, இடுப்பால் நிலையை ஒரு தள்ளு தள்ளினார். நூலும் மரமும் ஒட்டி நின்றன.

ஆச்சி நிலையைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

“ஏன் ஆசாரி, விரிசல் விரிசல்னீகளே, எங்குட்டு?”

சித்தப்பா தலையைத் தடவினார். “எனக்குத்தான் ஆச்சி.”