ரிசர்வ் இல்லாத வண்டி

தங்கப்பொண்ணு தன் மின்சார ஆட்டோவை எடுத்தால் யானைமலையே எழுந்து வழிவிடும் என்று ஒத்தக்கடையில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது இந்தக் கதையைச் சொல்பவள்தான். கொஞ்சம் மிகை. மலை எழுந்ததெல்லாம் இல்லை. காதை லேசாக ஆட்டியதோடு சரி.

வண்டி அவள் பெயரில் வந்ததற்குக் காரணம் புருஷனின் அன்பு அல்ல, சலுகை. மின்சார வண்டிக்கு மானியம் உண்டு, சாலை வரி கிடையாது, பெண் பெயரில் கடன் எடுத்தால் வட்டியும் குறையும் என்று கேள்விப்பட்டதும் மொக்கைச்சாமி தன் பழைய பெட்ரோல் ஆட்டோவை விற்றுத் தள்ளிவிட்டான். அந்தம்மாவுக்கு லைசென்ஸ் இருந்தால்தான் கடன் என்றார்கள். அவனே பொட்டலில் வைத்து அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவளும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் லைசென்ஸ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போயிற்று. வண்டி அவன் கைக்குப் போயிற்று.

அவளுடைய அம்மா ஆயுசெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். ஒரு குழி நிலம் அவள் பெயரில் இருந்ததில்லை. பச்சை நம்பர் பிளேட் மாட்டிய ஒரு வண்டி தன் பெயரில் ஊருக்குள் ஓடுகிறது என்பதைத் தங்கப்பொண்ணு யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

பெட்ரோல் ஆட்டோக்காரர்களுக்கு ஒரு பழக்கம். டேங்க் வற்றினாலும் பதற மாட்டார்கள். ரிசர்வில் திருப்பிவிட்டு இன்னும் ரெண்டு சவாரி பார்ப்பார்கள். புது வண்டியில் சார்ஜ் கடைசிக் கோட்டுக்கு இறங்கியபோது, கம்பெனிக்காரன் ரிசர்வ் வைக்காமலா விட்டிருப்பான் என்று மொக்கைச்சாமி மாட்டுத்தாவணியில் மூன்று பூக்காரம்மாக்களைக் கூடையோடு ஏற்றினான். மேலூர் ரோட்டில் பாதி வழியில் வண்டி நின்றது. வெயிலில் மல்லிகை வாட வாட, அந்த மூவரும் அவனுடைய பரம்பரையையே விசாரித்துவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை.

ஸ்டாண்டில் கூட ஆட்டோ ஓட்டும் மலைச்சாமிதான் ஆரம்பித்தான். "ஏன் மாப்ள, தள்ளுறதுக்கும் மானியம் எதுவும் குடுக்குறாகளா?"

அன்று சாயங்காலம் மொக்கைச்சாமி வீட்டு வாசலிலேயே சொன்னான்: "இந்தச் சனியனை வித்துருவோம் தங்கம். ஆளு பாத்துட்டேன். கையெழுத்த மட்டும் போட்டுரு."

"என் கையெழுத்து எதுக்கு?"

"ஒம் பேருலதான இருக்கு."

"இம்புட்டு நாளு அது யாருக்கும் ஞாபகம் வரல."

அவள் புளியைக் கரைத்துக்கொண்டே யோசித்தாள். அரசாங்கம் தன்னைப் போன்றவளை நினைத்துத்தான் அந்தச் சலுகையைக் கொடுத்ததா, வண்டிகள் விற்றால் போதும் என்று கொடுத்ததா, அவளுக்குத் தெரியாது. எப்படியோ கைக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் வண்டியோடு பெயரும் போய்விடும். தவிர, வண்டி எடுத்த அன்று அவன் வெளியே பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது, ஷோரூம்காரர் அவளை உட்காரவைத்துத்தான் எல்லாம் சொன்னார். இதில் ரிசர்வ் கிடையாது, மத்தியானம் ஒருதரம் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அன்றைக்கே அவள் அவனிடம் சொன்னாள். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று அவன் சிரித்தான்.

"போடுறேங்க. ஒரு மாசம் நான் ஓட்டிப் பாத்துட்டுப் போடுறேன்."

"நீயா? ஸ்டாண்டுல சிரிப்பாய்ங்கடி."

"இப்ப மட்டும் என்ன, அழுகுறாய்ங்களா?"

முதல் நாள் ஸ்டாண்டைத் தாண்டும்வரை மெதுவாகத்தான் ஓட்டினாள். சத்தமே இல்லாத வண்டி என்பதால் ரோட்டில் படுத்திருந்த மாடுகூட அவளை மதிக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து வயரைச் செருகிவிட்டு, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வரை வண்டி ஓடியது. கே.கே. நகருக்குப் போகும் அற்புதமேரி டீச்சர், "இதுலதான்மா போன்ல கத்தாமப் பேச முடியுது" என்று தினமும் வரச் சொல்லிவிட்டார்.

மொக்கைச்சாமி யாரோ ஒருவரின் பெட்ரோல் ஆட்டோவை வாடகைக்கு ஓட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஆனால் ஒரு மத்தியானம் அவள் அசதியில் வயரைச் செருகாமல் தூங்கிவிட, எழுந்து பார்த்தபோது யாரோ செருகியிருந்தார்கள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மாசம் முடிந்ததும், வாங்குவதாகச் சொன்ன ஆள் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். தங்கப்பொண்ணு வரிசையில் முதல் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு ஒரே வார்த்தை, "குடுக்கலண்ணே" என்று சொல்லிவிட்டு, வந்த சவாரியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆள் மொக்கைச்சாமி பக்கம் திரும்பினார்.

மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆமாண்ணே. ரொம்ப யோசிச்சு, விக்க வேணாம்னு நாந்தான் முடிவு பண்ணுனேன்."

"அப்படி இல்லண்ணே," என்றான் மலைச்சாமி, டீயை ஆற்றிக்கொண்டே. "முடிவு பண்ணுனது தங்கச்சி. மாப்ளைக்கு இப்பத்தான் சேதி வந்துச்சு."