இருபது கிலோ தூசி

திருவொற்றியூரில் லாரிகளுக்கு எடை போடுகிற மேடையில் இருந்தவரின் பெயரை நான் கேட்டதேயில்லை. காக்கிச் சட்டை, காதில் பென்சில். அவர் அறையில் ஒரே ஒரு டம்ளர். டீ குடித்துவிட்டு அதையே கழுவி எனக்கும் ஊற்றித் தருவார். எந்த வண்டியையும் இரண்டு தடவை பார்க்காமல் சீட்டு எழுத மாட்டார். இத்தனைக்கும் அந்த மெஷின் இருபது, நாற்பது, அறுபது என்றுதான் தாவும்.

"இருபது டன்னு வண்டிக்கு இருபது கிலோ தூசி நைனா," என்பார்.

என் லாரி மேடையை விட்டு இறங்கியதும் அவரே அதன் நடுவில் போய் நிற்பார். அவ்வளவு பெரிய இரும்புத் தளத்தில் ஒற்றை ஆளாக.

"இன்னா காட்டுது, படி!"

அறைக்குள்ளிருந்து படித்துச் சொல்வேன். எப்போதும் அறுபது. ஆனால் மாதத்துக்கு மாதம் சட்டை தொளதொளத்துக்கொண்டே போனது.

"நீ அம்பத்தொண்ணு இருந்தாலும் இது அறுபதுன்னுதான் காட்டும்ணா. லாரிக்குத் தூசி, உனுக்கு மூணுல ஒரு பங்கு. ஸ்டேஷனாண்ட ஆள் எடை பாக்குற மெஷின் கீது. ஏறிப் பாரு."

"அது கரெக்டா சொல்லிடும்பா," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அடுத்த நடை வந்தபோதும் ஏறி நின்றார். சிவப்பு எழுத்தில் நாற்பது. ஐம்பதுக்கும் கீழே போய்விட்டார்.

"படிப்பா!"

"அறுபதுண்ணா."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். இன்னொரு தடவை பார் என்று சொல்லவில்லை.